தாத்தா மண்டையைப் போட்ட கதையும் 200 இடியமும்

மக்ளே,

நீ கேட்டதை முதல்ல மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிடுறேன். நீ களியக்காவிளைக்காரி, கேரள எல்லைப் பக்கம். நர்ஸிங் முடிச்சுட்டு திருவனந்தபுரத்துல 3 வருஷமா வேலை. இங்கிலாந்து வரணும், அதுக்கு ஐஇஎல்டிஎஸ்ங்கற ஆங்கிலப் பரீட்சை எழுதணும். கோச்சிங் கிளாஸ்ல 200 ஆங்கில இடியத்தை (மரபுத்தொடரை) அச்சடிச்சுக் கையில தந்து, தினமும் 10 மனப்பாடம் பண்ணு, ஸ்பீக்கிங்ல அஞ்சாறையாவது சொருகுன்னு சொல்லியிருக்காங்க. "அக்கா, அங்க நிஜமாவே இப்படித்தான் பேசிக்கிறாங்களா? இதுல எதைப் படிக்க, எதை விட?" இதுதான் உன் கேள்வி.

நான் குழித்துறை, இப்ப இங்கிலாந்துல நர்ஸ். அதே மாதிரி ஒரு பேப்பரை நானும் பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு பஸ் குலுங்கக் குலுங்க மனப்பாடம் பண்ணினவதான். அதனால என் கதையைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

2014ல முதல் தடவை எழுதினேன். ஸ்பீக்கிங்ல ரெண்டாம் பகுதியில ஒரு அட்டை தருவாங்கல்ல, எனக்கு வந்தது 'நீங்கள் மதிக்கும் குடும்ப உறுப்பினர்'. தாத்தாவை எடுத்துக்கிட்டேன். விடியுறதுக்கு முன்னாலயே ரப்பர் வெட்டப் போவாரு. நம்ம கன்னியாகுமரிப் பக்கம் 1956 நவம்பர் 1லதானே தமிழ்நாட்டோட சேர்ந்தது, அவரு படிச்ச காலத்துல பள்ளிக்கூடம் மலையாளம். பத்திரிகை மலையாளத்துல வாசிப்பாரு, எங்களைத் திட்டுறது மட்டும் தமிழ்ல. இதையெல்லாம் தடங்கலில்லாமச் சொல்லிட்டு வந்தேன். கடைசியில அவரு இறந்ததைச் சொல்லணும். சும்மா 'டைட்' (died)னு சொன்னா மார்க் வராதுன்னு பேப்பர்ல இருந்த 'கிக் த பக்கெட்'டை எடுத்து விட்டேன். "ஹி கிக்ட் த பக்கெட் இன் 2009." எதிர்ல இருந்த, பரீட்சை எடுக்குற அம்மா முகத்துல ஒரு நொடி என்னமோ வந்துட்டுப் போச்சு. நான் அதைப் பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஸ்பீக்கிங்ல 6.5. வேண்டியது 7.

அந்த வாக்கியம் என்னன்னு இங்க வந்து பொறவுதான் வெளங்கிச்சு. துஷ்டி கேட்க வந்தவங்க முன்னால நின்னு "எங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டாரு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதேதான். பேப்பர்ல 'இறந்துபோதல்'னு அர்த்தம் சரியாத்தான் போட்டிருந்துச்சு. யாரைப் பத்தி, யார்கிட்ட, எப்பச் சொல்லலாம்னு போடல. நம்ம தமிழ்ல காலமானார், தவறிட்டார், கண்ணை மூடிட்டார், போய்ச் சேர்ந்துட்டார், மண்டையைப் போட்டார்னு எத்தனை இருக்கு? எல்லாத்துக்கும் அகராதியில ஒரே அர்த்தம்தான். ஒண்ணு இருக்குற எடத்துல இன்னொண்ணை வச்சா அடி விழும்.

இப்ப பரீட்சை விஷயம். ஸ்பீக்கிங் மொத்தமே 11லிருந்து 14 நிமிஷம். மூணு பகுதி. நடுவுல அந்த அட்டைக்கு யோசிக்க 1 நிமிஷம், பேச 1லிருந்து 2 நிமிஷம். மார்க் போடுறது நாலு விஷயத்துக்கு: தடையில்லாம கோர்வையாப் பேசுறது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம பங்கு. இடியம் வர்றது இந்தச் சொல்வளத்துக்குள்ள ஒரு மூலையில. அந்த மூலைக்காக 200 மனப்பாடம் பண்ணி, பேசும்போது 'அடுத்து எதைச் சொருகலாம்'னு மண்டைக்குள்ள தேடினா, கோர்வைக்கான மார்க் போயிடும். கையில இருக்குறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போற கதை.

உங்க கிளாஸ்ல சொல்றதும் முழுப் பொய் இல்ல. 7 மார்க்குக்கு என்ன வேணும்னு பரீட்சைக்காரங்க போட்ட விவரிப்புல 'அதிகம் புழங்காத, இடியமாட்டிக் சொற்கள் சிலது வரணும்'னு நிஜமாவே இருக்கு. அதுலயே 'சில இடத்துல பொருந்தாமப் போகலாம்'னும் இருக்கு. ஆனா 'இடியமாட்டிக்'னா பழமொழி மாதிரி கலர் கலரா இருக்குறது மட்டும்னு நினைச்சுக்கிட்டாங்க, அங்கதான் கோளாறு. எந்தச் சொல் எந்தச் சொல்லோட சேரும்ங்கறதும் அதுக்குள்ள வரும். நாம மாத்திரை 'போடுறோம்'. பாறசாலை தாண்டினா, கேரளாவுல, குளிகை 'கழிக்கிறாங்க'. இங்க 'டேக்' பண்றாங்க. 'ஈட் டேப்லட்'னா புரியும்தான், ஆனா காதுல உறுத்தும். 'தப்பு பண்ணிட்டேன்'ங்கறதை அப்படியே தூக்கி 'டிட் எ மிஸ்டேக்'னு நாம சொல்றோம். அவங்களுக்கு அது 'மேட் எ மிஸ்டேக்'. பலத்த மழை 'ஸ்ட்ராங் ரெயின்' இல்ல, 'ஹெவி ரெயின்'. இந்த மாதிரி 50 ஜோடி சரியா வந்தா, நீ பூனை நாயைப் பொழிய வைக்கிறதை விட மேல்.

அந்தப் பூனை நாயைப் பத்தியும் சொல்லிடுறேன். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இங்கயும் எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் வேலை பார்க்குறது வட இங்கிலாந்து, மழைக்குப் பஞ்சமே இல்லாத ஊரு. வார்டுல யாராவது இதை வாயால சொல்லிக் கேட்டது ரெண்டு தடவை இருக்கும். 'சக்கிங் இட் டவுன்'பாங்க, 'பக்கெட்டிங் டவுன்'பாங்க, இல்லன்னா வெறும் 'போரிங்' (pouring). வாளி வாளியா ஊத்துதுன்னு. வானம் பொத்துக்கிட்டு ஊத்துதுன்னு நாம சொல்லல?

ஸ்கூல்ல தமிழ்ப் பரீட்சையில 'மரபுத்தொடர்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' வரும்ல. ஆகாயத்தாமரை, கரடி விடுதல், அவசரக் குடுக்கை. மார்த்தாண்டம் சந்தையில யார்கிட்டயாவது 'ஆகாயத்தாமரை'ன்னு சொல்லியிருக்கியா? 'கரடி விடாத'ன்னு சொல்லியிருப்ப. உன் கையில இருக்குற 200லயும் பாதி ஆகாயத்தாமரைதான். கரடி எது, தாமரை எதுன்னு பேப்பர் சொல்லாது, காதுதான் சொல்லும். தினமும் அரை மணி பிபிசி ரேடியோவுல சாதாரண ஆளுங்க பேசுற நிகழ்ச்சி ஏதாவது கேளு. செய்தி வேண்டாம், செய்தியில தாமரை ஜாஸ்தி.

இங்க வார்டுல நிஜமாவே என்ன பேசுறாங்கன்னு கேட்ட பாரு, அதுதான் நல்ல கேள்வி. பரீட்சைக்கு நீ நாலு இடியம் பேசினாப் போதும், வேலைக்கு வந்தா நானூறு காதுல விழும். வந்த புதுசுல ஒரு பாட்டி, 80 தாண்டினவங்க. "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்"னாங்க. பென்னின்னா காசு, ஸ்பெண்ட்னா செலவு. என்னமோ வாங்கணும் போலன்னு அலமாரியிலிருந்து அவங்க ஹேண்ட்பேகை எடுத்துக் குடுத்தேன். அவங்க என்னைப் பார்த்தாங்க, நான் அவங்களைப் பார்த்தேன். அதுக்குள்ள படுக்கை நனைஞ்சு போச்சு. பழைய காலத்துல இங்க பொதுக் கழிப்பறைக் கதவுல ஒரு பென்னி போட்டாத்தான் திறக்குமாம். அதுலிருந்து வந்த பேச்சு. நம்ம ஊர்ல ஒரு பெரியவர் "வெளிக்குப் போகணும்"னு சொன்னா, புதுசா தமிழ் படிச்சவன் வாசல் கதவைத் திறந்து விடுவான் இல்லையா, அதுபோல. (அந்த 'லவ்'வுக்கு மிரளாத. நாம யாரையும் மக்ளேன்னு கூப்பிடுறதில்லையா, இங்க அது அவ்வளவுதான்.)

டாக்டர் வந்து "ஹவ் ஆர் த வாட்டர்வொர்க்ஸ்?"னு கேட்டா அது குடிநீர் வாரியம் இல்ல, மூத்திரம் ஒழுங்காப் போகுதான்னு கேக்குறாரு. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'னா மரத்துப்போய் எறும்பு ஊறுற மாதிரி இருக்குறது. 'ஆஃப் மை ஃபுட்'னா சாப்பாடு இறங்கல. 'ஆன் த மெண்ட்'னா தேறி வர்றாங்க. 'பூர்லி'ன்னா ஏழை இல்ல, உடம்பு சரியில்ல. ஷிஃப்ட் மாறும்போது நோயாளி நிலைமையைச் சொல்ற ஹேண்டோவர்ல ஒரு நர்ஸ் குரலைத் தாழ்த்தி 'வெரி பூர்லி'ன்னு சொன்னா சாதாரணமா எடுத்துக்காத, சொந்தக்காரங்களுக்குப் போன் போகுற நிலைமைன்னு அர்த்தம். இன்னொண்ணு, இவங்க எதையும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நம்ம ஆளு லேசா வலிச்சாலே "உசிரு போகுது"ன்னு கத்துவான். இங்க ஒரு தாத்தா இடுப்பெலும்பு முறிஞ்சு கிடந்துக்கிட்டு "எ பிட் சோர்"ங்கிறாரு. அந்த 'எ பிட்'டை நம்பி நீ நகர்ந்தா போச்சு.

'பாஸ்' ஒண்ணை மட்டும் தனியா உக்காந்து படி. 'பாஸ்ட் அவே'ன்னா இறந்துட்டார். 'பாஸ்ட் அவுட்'னா மயங்கிட்டார். 'பாஸ் வாட்டர்'னா மூத்திரம் போறது, 'பாஸ் விண்ட்'னா காத்துப் பிரியுறது. பின்னால ஒட்டுற குட்டிச் சொல்லுல உசிரே இருக்கு. நம்ம ஊர்ல 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019'னு எல்லாரும் சொல்றோம், படிப்பு முடிச்சதுக்கு. இங்க கேக்குறவங்க நீ 2019ல மயங்கி விழுந்தன்னு நினைப்பாங்க. 'கிராஜுவேட்டட்'னு சொல்லு. முதல் பகுதியில படிப்பைப் பத்திக் கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்ல மக்ளே. எல்லையில பிறந்தவளுக்குச் சொல்லித் தரணுமா? என்கூட திருவனந்தபுரத்துல வேலை பார்த்த திருச்சிப் பொண்ணு, கூட இருந்த மலையாளி நர்ஸ் "எனிக்கு நல்ல பணி கிட்டி"ன்னதும் கையைப் பிடிச்சு வாழ்த்துச் சொன்னா. அந்த மலையாளி நர்ஸோ வம்புல மாட்டிக்கிட்ட கதையைச் சொல்ல வந்தவ. மலையாளத்துல 'பனி'ன்னா காய்ச்சல்னு தெரியாம, "குளிரா இருக்கா? ஃபேனை நிறுத்தவா?"ன்னு கேட்டதும் அதே பொண்ணுதான். நீயும் நானும் இதுக்கெல்லாம் பேப்பரா படிச்சோம்? பஸ் ஸ்டாண்டுலயும் கடைத்தெருவுலயும் காதுல விழுந்தது. யார் எப்பச் சொன்னாங்கன்னு ஆளோட சேர்த்துப் பதிஞ்சது.

அதனால நம்ம பேச்சோட அச்சு அசலா ஒத்துப்போற இடியத்தைப் பார்த்து ஏமாறாத. 'கீப் அன் ஐ ஆன்' நம்ம 'ஒரு கண்ணு வச்சுக்கோ'தான், தாராளமா எடுத்துக்கோ. 'ஸ்லிப் ஆஃப் த டங்' நம்ம 'வாய் தவறி'. ஆனா 'புல்லிங் மை லெக்'கைக் 'காலை வாருறது'ன்னு வச்சுக்கிட்டா ஆபத்து. தமிழ்லயும் மலையாளத்துலயும் காலை வாரினா அது துரோகம். இங்க அது வெறும் கிண்டல். என் மேலதிகாரி ஒருத்தியைப் பத்தி 'ஷி இஸ் ஆல்வேஸ் புல்லிங் மை லெக்'னு நான் கண்ணு கலங்கப் புகார் சொல்ல, கேட்டவங்க சிரிச்சுட்டுப் போனாங்க.

மொத்தம் ஒரு 15 எடுத்துக்கோ, போதும். உன் வாழ்க்கைக்குப் பொருந்துறதா இருக்கட்டும். உனக்குப் பாயசம்னா உசிருன்னா 'ஐ ஹேவ் எ ஸ்வீட் டூத்'. கூட்டாளியோட பார்த்த உடனே ஒட்டிக்கிச்சுன்னா 'வி ஹிட் இட் ஆஃப்'. விலை கொள்ளையா இருந்தா 'காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்'. அந்த 'அன்', 'எ' எல்லாம் அப்படியே வரணும். 'தலைக்கு மேல வேலை'யை 'தலையில வேலை'ன்னு ஒரு வெள்ளைக்காரன் சொன்னா நீ சிரிப்பல்ல?

இன்னொரு வழியும் இருக்கு, உங்க கிளாஸ்ல சொன்னாங்களா தெரியல. இங்க நர்ஸாப் பதிவு பண்ண ஐஇஎல்டிஎஸ்ல லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7, ரைட்டிங்ல 6.5 வேணும். அதுக்குப் பதிலா ஓஇடி, அதாவது மருத்துவ வேலைக்காரங்களுக்கான ஆங்கிலப் பரீட்சை, எழுதலாம். அதுல ரைட்டிங்ல சி பிளஸ், மத்த மூணுலயும் பி. ஓஇடி ஸ்பீக்கிங்ல அட்டை வச்சுத் தாத்தா கதை சொல்ல வேண்டாம். நீ நர்ஸ், எதிர்ல இருக்குறவர் நோயாளி, 5 நிமிஷம் வீதம் ரெண்டு தடவை பேசணும். நோயாளி சொல்றதைக் காது குடுத்துக் கேட்டியா, அவருக்குப் புரியுற பாஷையில சொன்னியான்னும் பார்த்து மார்க். 3 வருஷம் வார்டுல நின்னவளுக்கு அதுதான் தோதுன்னு எனக்குத் தோணுது. பணம் ரொம்பக் கூட, அது வேற சோலி. பார்த்து முடிவு பண்ணு.

இப்ப ஒரு காரியம் செய். அந்தப் பேப்பரை மடிச்சு வை. போன்ல ரெக்கார்டரைப் போட்டு, குழித்துறை வாவுபலி பொருட்காட்சிக்குப் போன கதையை ஆங்கிலத்துல 2 நிமிஷம் பேசு. இடியம் ஒண்ணும் வேண்டாம், வாயில தானா வந்தா வரட்டும். எங்க திக்குற, எங்க சொல் கிடைக்காம நிக்கிறன்னு எனக்குத் தெரியணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அனுப்பு, அன்னைக்கு எனக்கு நைட் இல்ல.