எக்ஸ்எஸ்ஐ கைமாறிய கதை: கேள்வி பதில்

தான் தினமும் வேலை செய்யும் அனிமேஷன் சாஃப்ட்வேரைப் போட்டிக் கம்பெனியே வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் சாஃப்ட்இமேஜ் எக்ஸ்எஸ்ஐ என்ற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேரில் பத்து வருடம் ரிக்கிங், அதாவது உருவங்களுக்கு அசைவதற்கான எலும்பு பூட்டும் வேலை, செய்தவள். அந்த அடியை நேரில் வாங்கியவள் என்பதால் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் நேராக பிளெண்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் தொடங்கியவன். சாஃப்ட்இமேஜ் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என்னதான் நடந்தது?

1986இல் மாண்ட்ரியலில் டானியல் லாங்லுவா தொடங்கிய கம்பெனி அது. 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில் கணினியில் செய்த டைனோசர்கள் ஓடியது சாஃப்ட்இமேஜில்தான். மறு வருடமே மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கியது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை விண்டோஸ் என்டிக்குக் கொண்டுவந்தார்கள். 1998இல் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் செய்யும் அவிட் கம்பெனிக்கு 28.5 கோடி டாலருக்குக் கைமாறியது. 2008 அக்டோபரில் அவிடிடமிருந்து, ஆட்டோகேட் செய்யும் ஆட்டோடெஸ்க் வாங்கியது. விலை சுமார் 3.5 கோடி டாலர்.

பத்து வருடத்தில் எட்டில் ஒரு பங்காக இறங்கிவிட்டது, பாருங்கள். காரணம் ஒன்றல்ல. ஆனால் பெரிய காரணம் தாமதம். 'சுமத்ரா' என்ற ரகசியப் பெயரில் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது 2000இல்தான் எக்ஸ்எஸ்ஐ என்று வெளியே வந்தது. அதற்குள் 1998இல் போட்டி சாஃப்ட்வேரான மாயா வந்து திரைப்பட ஸ்டுடியோக்களில் பாய் விரித்துப் படுத்துவிட்டது.

வாங்கும்போதே ஆட்டோடெஸ்க் கையில் அதே வேலையைச் செய்யும் 3டிஎஸ் மேக்ஸும் இருந்தது, மாயாவும் இருந்தது. எங்களுடையது மூன்றாவது. 2014 மார்ச் 4 அன்று 'சாஃப்ட்இமேஜ் 2015தான் கடைசிப் பதிப்பு' என்று அறிவித்தார்கள். 2016 ஏப்ரல் 30உடன் சப்போர்ட்டும் நின்றது.

கேள்வி: மாயாவை வாங்கியபோதும் இப்படித்தான் கூச்சல் இருந்ததா?

இருந்தது. அது 2005 அக்டோபர். மாயாவைச் செய்தது டொராண்டோவின் ஏலியஸ் கம்பெனி. அதன் முதலாளியான சிலிக்கான் கிராஃபிக்ஸ், கையில் காசில்லாமல் 2004இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 5.75 கோடி டாலருக்கு விற்றது. மறு வருடம் ஆட்டோடெஸ்க் சொன்ன விலை 18.2 கோடி. வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரே வருடத்தில் நல்ல அறுவடை.

மேக்ஸ்காரர்களும் மாயாக்காரர்களும் அப்போது எதிரெதிர்த் தெருப் பையன்கள் மாதிரி. இன்றைக்கு அவர்கள் முதலாளி நம் முதலாளி என்றால் எப்படி இருக்கும்? இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள் என்றார்கள் சிலர். ஒன்றை மூடுவார்கள் என்றார்கள் சிலர். விவரம் தெரிந்தவர்கள் பயந்தது விலையை நினைத்து. 2002இல் மாயா கம்ப்ளீட்டின் விலையை 7,500 டாலரிலிருந்து 1,999 டாலருக்கு இறக்கியிருந்தார்கள். 2004இல் எக்ஸ்எஸ்ஐயின் அடிப்படைப் பதிப்பான ஃபவுண்டேஷன் 495 டாலருக்கு வந்தது. எல்லாம் ஒருவரையொருவர் முந்தப் பார்த்ததால் வந்த விலை. முந்துவதற்கு ஆளே இல்லாவிட்டால் யார் இறக்குவார்?

ஆனால் மாயா சாகவில்லை. மேக்ஸும் சாகவில்லை. அதனாலேயே 2008இல் நாங்கள் ஏமாந்தோம். "மாயாவை வாங்கி மூடிவிட்டார்களா என்ன? நம்முடையதையும் விட்டுவைப்பார்கள்" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். மாயா பிழைத்தது ஸ்டுடியோக்களின் மொத்த பைப்லைனும், அதாவது தொடக்கம் முதல் முடிவு வரையான வேலை வரிசையும், அதன்மேல் நின்றதால். மேக்ஸ் பிழைத்தது கட்டடக்கலைக்காரர்களாலும் கேம் செய்பவர்களாலும். எங்களுக்கு அவ்வளவு தலைக்கட்டு இல்லை. அந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடவில்லை, நான் உட்பட.

கேள்வி: அப்படியானால் மூடுவதற்காகத்தான் வாங்கினார்களா? நேராகச் சொல்லுங்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. இதைச் சொன்னதற்காகப் பழைய நண்பர்கள் சிலர் என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். மூடுவதுதான் நோக்கம் என்றால் ஐந்தரை வருடம் ஏன் இழுக்க வேண்டும்? தொடர்ந்து வளர்ப்போம் என்று சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு பதிப்பும் வந்தது. ஆனால் நாளாக ஆக அதில் சரக்கு குறைந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஐஸ் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விற்பதற்கு மூன்று மாதம் முன்னால், 2008 ஜூலையில், ஏழாம் பதிப்பில் வந்த வசதி அது. நிரல் எழுதத் தெரியாதவர்கூடச் சின்னச் சின்னக் கட்டங்களைக் கம்பி போட்டு இணைத்து, துகள்களும் உருவங்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லலாம். ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் ஒரு நிறம். பொருந்தாத இரண்டை இணைக்கப் போனால் ஒட்டாது.

2009இல் ஒரு அரிசி விளம்பரம் வந்தது. ஒரு கை முறத்தில் அரிசி புடைக்க வேண்டும், உமி பறக்க வேண்டும். அம்மா புடைக்கும்போது எத்தனை தடவை பார்த்திருப்பேன்! முறம் மேலே எழும்பும், அரிசி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், முன்விளிம்பில் உமி தனியாகப் பிரிந்து போகும். ஐஸில் இதைச் செய்யத் தேவைப்பட்டது இவ்வளவுதான்: ஒவ்வொரு மணிக்கும் ஒரு எடை கொடு, எடை இதற்குக் கீழே இருந்தால் காற்றைக் கேள், மேலே இருந்தால் முறத்தைக் கேள். மத்தியானம் உட்கார்ந்தேன், இருட்டுவதற்குள் உமி பறந்துவிட்டது. வேறு சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு புரோகிராமரைத் தேடிப் போயிருப்பேன்.

இப்படி ஒன்றைச் செய்தவர்கள் ஒரு கம்பெனியின் உண்மையான சொத்து. 2012இல் அந்த மாண்ட்ரியல் குழுவை மாயா பக்கம் எடுத்துக்கொண்டு, எக்ஸ்எஸ்ஐயை சிங்கப்பூரில் உள்ள வேறொரு குழுவிடம் கொடுத்தார்கள். முடிவு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு. 2014 அறிவிப்பு பதினாறாம் நாள் காரியம்தான். இன்றைக்கு மாயாவில் பைஃப்ராஸ்ட் கிராஃப் என்ற பகுதியைத் திறந்தால் அந்தக் கட்டங்களையும் கம்பிகளையும் பார்க்கலாம். எனக்குப் பழைய வீட்டுச் சாமானைப் புது வீட்டில் பார்ப்பது போல இருக்கும்.

கேள்வி: மாயாவுக்கு மாறியபோது எது ரொம்பச் சிரமமாக இருந்தது?

'எஸ்' கீ. சிரிக்காதீர்கள்.

எக்ஸ்எஸ்ஐயில் 'எஸ்'ஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு மவுசை ஆட்டினால் கேமரா சுற்றும். நாள் முழுக்க இடது கை அதன்மேல்தான் கிடக்கும். மாயாவில் கேமராவைச் சுற்ற 'ஆல்ட்'. அங்கே 'எஸ்' அழுத்தினால், தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பொருளில் ஒரு கீஃபிரேம், அதாவது அந்தக் கணத்தில் அது இருக்கும் நிலையின் பதிவு, விழும். காட்சியில் ஒன்றும் மாறாது, சத்தமும் வராது.

மாறிய முதல் மாதம் ஒரு நடைக் காட்சி கொடுத்தேன். சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இடுப்புல ஏம்மா இத்தனை கீ?" எட்டிப் பார்த்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்புக் கோடுகள், மிளகாய் காயப்போட்ட மாதிரி. சுற்றிப் பார்க்க நினைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு கீ விழுந்திருக்கிறது. அதனால் ஒரு போஸைத் திருத்தினால் பக்கத்து ஃபிரேம் பழைய இடத்துக்கே இழுத்தது, இடுப்பு வெட்டி வெட்டி நடந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அப்புறம் அந்தக் கீயை வேறு வேலைக்கு மாற்றி வைத்தேன்.

அடுத்தது அடுக்கு முறை. எக்ஸ்எஸ்ஐயில் மாடலிங், வடிவ மாற்றம், அனிமேஷன் எல்லாம் தனித்தனி அடுக்கு. எலும்பு பூட்டி, எந்த எலும்பு தோலை எவ்வளவு இழுக்கும் என்று வெயிட் போட்ட பிறகும், "மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்று டைரக்டர் சொன்னால், கீழ் அடுக்குக்குப் போய் நீட்டிவிட்டு வரலாம். மாயாவில் அதையே செய்யப் போய் ஒரு இரவு தூக்கம் போனது. முடியாது என்றில்லை, ஆனால் கையை வைக்கவே பயமாக இருக்கும்.

கேள்வி: ஒரு சாஃப்ட்வேர்தானே? செத்த வீடு மாதிரி ஏன் இத்தனை ஒப்பாரி?

2005 தொடக்கத்தில் எக்ஸ்எஸ்ஐ ஃபவுண்டேஷனை என் சொந்தக் காசில் வாங்கினேன். 495 டாலர், அன்றைய கணக்கில் இருபத்தோராயிரம் ரூபாய்க்கு மேல். வளையலை அடகு வைத்துத்தான் வாங்கினேன். 2014இல் நான் இருந்த ஸ்டுடியோ, மூன்று மாதத்தில் எல்லாரும் மாயா கற்றுக்கொள்ளுங்கள் என்றது. அதுவும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில். சீனியர் என்று இருந்தவள் ஷார்ட்கட் தெரியாமல் ஜூனியர் பையனிடம் போய் நின்றேன். எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. மறு வருட சம்பள உயர்வும் 'வேகம் போதவில்லை' என்று நின்றது. ஒப்பாரி சாஃப்ட்வேருக்கு இல்லை தம்பி.

கேள்வி: மாயாவையோ மேக்ஸையோ இலவசமாகவே கொடுத்தார்களே? அது நியாயம்தானே மேடம்?

காகிதத்தில் பார்த்தால் நியாயம்தான். சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடுதல் காசில்லாமல் மாறலாம், சாஃப்ட்இமேஜையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அறிவிப்பை வாபஸ் வாங்கச் சொல்லிக் கையெழுத்து இயக்கமும் நடந்தது. ஆனால் 2016இல் நிரந்தர லைசென்ஸ் விற்பதையே நிறுத்தினார்கள். புதிதாக வருகிறவருக்கு வாடகை மட்டும்தான். 2005இல் பயந்தவர்கள் பயந்தது இதற்குத்தான்.

கேள்வி: சார், அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியதும் இதே கதைதானா?

சார் இல்லை, பரவாயில்லை. பாதி இதே கதை. 2005 ஏப்ரலில் அறிவித்தார்கள், 340 கோடி டாலர் மதிப்பு. படம் வரைய இல்லஸ்ட்ரேட்டர் கைவசம் இருந்ததால், அதே வேலைக்கான மேக்ரோமீடியாவின் ஃப்ரீஹேண்டை 2007இல் ஓரங்கட்டினார்கள். மேக்ரோமீடியாவின் அனிமேஷன் சாஃப்ட்வேரான ஃப்ளாஷுக்கு ஈடாக அடோபியிடம் ஒன்றும் இல்லை, அதனால் அது பிழைத்து, பிறகு அனிமேட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாங்குகிறவனிடம் ஏற்கெனவே அதே சாமான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க்கில் எக்ஸ்எஸ்ஐ ஃபைல்கள் நிறைய இருக்கின்றன. எப்படி வெளியே எடுப்பது?

சாஃப்ட்இமேஜ் ஓடும் ஒரு இயந்திரம் இல்லாமல் முடியாது. லைசென்ஸோடு யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே போய் உட்காருங்கள். எலும்பும் அசைவும் எஃப்பிஎக்ஸ் என்ற பொது ஃபார்மேட்டில் ஓரளவு நன்றாகவே வரும். மெஷ், அதாவது உருவத்தின் மேற்பரப்பு மட்டும் போதும் என்றால் ஓபிஜே ஃபார்மேட். ஐஸில் செய்தது எதுவும் ஐஸாக வெளியே வராது. முடிவை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்து (கேஷ் செய்து) எடுக்கலாம். கட்டங்களைப் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு வேறு எதிலாவது திரும்பக் கட்ட அதுதான் வரைபடம். டெக்ஸ்சர் படங்களின் பாதை கட்டாயம் உடையும், அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: இப்போது நான் பயன்படுத்தும் ஒன்றையும் போட்டிக் கம்பெனி வாங்கியிருக்கிறது. உடனே வேறொன்றுக்குத் தாவிவிடவா?

அந்த வாரமே தாவாதீர்கள். 2014இல் கோபத்தில் என் நண்பர்கள் சிலர் மோடோ என்ற இன்னொரு 3டி சாஃப்ட்வேருக்குத் தாவினார்கள். நல்ல கருவிதான். 2024 நவம்பரில் அதன் வளர்ச்சியையும் நிறுத்துவதாக அதன் கம்பெனியான ஃபவுண்ட்ரி அறிவித்தது. பாவம், ஒரே ஆயுளில் இரண்டு தடவை. அதே நேரம் மூன்று கை பார்த்த லைட்வேவ் என்ற பழைய 3டி சாஃப்ட்வேர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஜோசியம் பலிக்காது.

வாங்கிய கம்பெனி விடும் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் இப்போது படிப்பதே இல்லை. அதை எழுதும் கை வேறு, சாஃப்ட்வேரை எழுதும் கை வேறு. முக்கியமான டெவலப்பர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே மேஜையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். புதுப் பதிப்பில் பிழைத்திருத்தம் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பொதுவான ஃபார்மேட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மாறுவதாக இருந்தாலும் வேலை இல்லாத மாதத்தில் மாறுங்கள்.

பிளெண்டர்காரர்கள் இந்த இடத்தில் கை தூக்குவீர்கள், தெரியும். 2002இல் அதன் கம்பெனி படுத்தபோது, பிளெண்டரை உருவாக்கிய டான் ரூசன்டால் ஊரெல்லாம் வசூல் செய்து, ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்து, முதலீட்டாளர்களிடமிருந்து நிரலை மீட்டுப் பொதுவில் வைத்தார். அதை இனி ஒரு போட்டிக்காரர் வாங்கிப் பூட்ட முடியாது. உண்மைதான். ஆனால் எனக்கு வேலை கொடுப்பவர்கள் மாயா ஃபைல்தான் கேட்கிறார்கள். அதனால் பகலில் மாயா, ஞாயிற்றுக்கிழமை பிளெண்டர்.

கேள்வி: கடைசியாக ஒன்று அக்கா. உங்களிடம் எக்ஸ்எஸ்ஐ இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய பெட்டி, இன்டர்நெட் கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தப் பதில்களை எழுதுவதற்காகத் தூசி தட்டி அந்த முறத்து ஃபைலைத் திறந்தேன். இடது கை தானாக 'எஸ்' மேல் போனது. கேமரா சுற்றியது. ஓட விட்டேன், உமி அழகாகப் பிரிந்து பறந்தது. ஒரே ஒரு அரிசி மட்டும் முறத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. விளம்பரம் டிவியில் வந்தபோதும் அது போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.