கிற்றாரை விற்காதீர்கள், இரும்புக் கம்பியும் போடாதீர்கள்

கேள்வி: கோண்டாவில், வயது 43. கொழும்பில் வேலை செய்த காலத்தில் பிளமெங்கோ என்ற ஸ்பெயின் இசைக்கான கிற்றார் பழகினேன். கலியாணம், பிள்ளைகள் என்று பல வருடம் தொடவில்லை. இப்போது விரல் ஓடவில்லை, முன்கை உளைகிறது. கம்பி மாற்றப் போன இடத்தில், "பலகை மெல்லிசு, கம்பி இரைகிறது, வித்துப்போட்டுப் புதுசு எடுங்கோ, இல்லாட்டி இரும்புக் கம்பி போடுங்கோ, சத்தம் கூடும்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கிற்றாரை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். குறை என்று அவர்கள் காட்டியது அந்த வாத்தியத்தின் இயல்பு. பிளமெங்கோ கிற்றாரின் பக்கங்களையும் முதுகையும் வழமையாக சைப்பிரஸ் மரத்தில், பாரமில்லாமல், மெல்லிசாகவே செய்வார்கள். கம்பி விரற்பலகைக்கு நெருக்கமாகப் போகும். அழுத்தி அடித்தால் கொஞ்சம் இரையும். அது வேண்டுமென்றே வைத்த இரைச்சல். துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தகடு விரலால் தட்டி வாசிப்பதற்கானது. இது ஒன்றும் தெரியாத ஆளிடம் 'பழுது' என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு 'அசல் ஸ்பெயின் சாமான்' என்று பல மடங்குக்கு விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். கேட்பார் இல்லை.

இரும்புக் கம்பியைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும். இரும்புக் கம்பி 60 முதல் 75 கிலோ வரை இழுக்கும். மேற்பலகை வயிறு தள்ளும், கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். "தடித்த மூன்று கம்பியும் இப்பவே உலோகம்தானே" என்று வாதாடுவார்கள். வெளியே சுற்றியிருப்பது உலோகம், உள்ளே இருப்பது நைலோன் இழை. உறவினர் யாராவது றொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்தால் நைலோன் செற் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள்.

விற்க நினைக்க ஒரேயொரு காரணம் உண்டு: கழுத்து வளைந்திருப்பது. புதுக் கம்பி போட்டுச் சுருதி கூட்டிய பின், ஆறாம் கம்பியை விரற்பலகையின் முதலாம் கட்டையிலும் பன்னிரண்டாம் கட்டையிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கடதாசி நுழையும் அளவு இடைவெளி நல்லது. தடித்த நாணயம் நுழைந்தால் கழுத்து வளைந்துவிட்டது. இந்த வகைக் கிற்றார் பெரும்பாலானவற்றில் கழுத்துக்குள் திருகுகம்பி கிடையாது, திருகி நிமிர்த்த முடியாது. பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே கடதாசி நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அதைத் திரும்ப ஒட்டலாம், அதற்காக விற்கத் தேவையில்லை.

இனிக் கை. அன்றாட வேலையில் நாங்கள் விரலை மடக்குகிறோம், விரித்து எறிவது குறைவு. ராஸ்கெயாதோ, அதாவது விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் வீசி அடிப்பது, முழுக்க விரித்து எறிகிற வேலை. முன்கை உளைவது அதனால்தான். பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தரம் போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்கும்படி அடியுங்கள். விரல் விறைத்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

வேகத்தைவிட முதலில் தொலைவது கணக்கு. பிளமெங்கோவின் ஒரு வடிவமான சொலேயாவில் பன்னிரண்டு எண்ணிக்கை, அழுத்தம் 3, 6, 8, 10, 12இல். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் பன்னிரண்டு எண்ணுவது பிரச்சினையில்லை. சமத்தில், அதாவது ஒன்றில், கை தானாக விழுவதுதான் பிரச்சினை. சொலேயாவில் ஒன்று பாரமற்றது. வசனம் பத்தில் வந்து அமரும். ஆகவே கிற்றாரைத் தொடாமல் ஒரு கிழமை கைதட்டி எண்ணுங்கள். வேகமான வடிவமான புலேரியாஸ் பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

வகுப்புத் தேடினால் கவனம். இங்கே எல்லாம் கிரேட், பரீட்சை, சான்றிதழ் என்றே ஓடுகிறது. ஆசைக்காக வரும் பெரியவரையும் பிள்ளைகளோடு முதலாம் கிரேட்டில் இருத்திக் காசு வாங்குவார்கள். சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளையிடம் பன்னிரண்டு எண்ணிக்கையைத் தட்டிக் காட்டச் சொன்னால் முழிக்கிறது. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. படிப்பிக்கிறவரைச் சொலேயா ஒரு சுற்று தட்டிக் காட்டச் சொல்லுங்கள். தட்டாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.