பழைய கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களும் தப்பிப்பார்களா?

கட்டடம் தப்பித்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சில சமயம் அந்த அறிவிப்பே அவர்களுக்கு வினையாகிவிடுகிறது.

கட்டடக்கலை படித்தபோது, பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் வேலைக்கு இரண்டு மாதம் போனேன். கையில் ஒரு படிவம். கட்டிய ஆண்டு, எத்தனை மாடி, கூரை எப்படி, எங்கே விரிசல் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் 14 மின் மீட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பெயிண்டில் ஒரு பெயர். சிலவற்றை அடித்துவிட்டு அதன்மேலேயே வேறு பெயர் எழுதியிருந்தார்கள். படிவத்தின் ஓரத்தில் ‘14 குடும்பம்’ என்று குறித்துவைத்தேன். சரிபார்த்தவர், “இது கட்டடத்தோட அம்சம் இல்லையேப்பா” என்று அதைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். படிவப்படி பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். மரக் கைப்பிடி பளபளத்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. படிக்கு அடியில் ஒரே ஒரு மீட்டர்.

ஜென்ட்ரிஃபிகேஷன், அதாவது வசதியானவர்கள் குடிவர அங்கே இருந்த எளியவர்கள் வெளியேற நேர்வது, என்றதும் பலருக்கும் புல்டோசரும் கண்ணாடிக் கோபுரமும்தான் நினைவுக்கு வருகின்றன. 1964-இல் அந்தச் சொல்லை உருவாக்கிய சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டனில் பார்த்தது வேறு. பல குடித்தனங்களாகப் பிரிந்து கிடந்த பெரிய விக்டோரியா காலத்து வீடுகள் பழுதுபார்க்கப்பட்டு, மறுபடி வசதியானவர்களின் கைக்குப் போயின. வீடுகள் நின்றன; அங்கே இருந்த உழைக்கும் மக்கள்தான் நகர்ந்தார்கள்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் பிறந்த கதையைப் பார்த்தால் காரணம் புரியும். நியூயார்க்கில் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சிதான் 1965-இல் அங்கே பாரம்பரியக் கட்டடச் சட்டம் வரப் பெரிய உந்துதல். ஒரு கட்டடம் போன துக்கத்தில் வந்த சட்டம் கட்டடத்தைத்தான் பார்க்கும். அதே ஊரின் சோஹோ பகுதியில் ஆலைகள் காலியானபின் ஓவியர்களும் சிற்பிகளும் சட்டவிரோதமாகவே குடியேறினார்கள். அந்தப் பகுதியைக் கிழித்துக்கொண்டு வரவிருந்த விரைவுச் சாலைத் திட்டம் 1969-இல் கைவிடப்பட்டது. 1971-இல் சான்று பெற்ற கலைஞர்கள் அங்கே வசிக்க நகரம் அனுமதித்தது. 1973-இல் வார்ப்பிரும்பு முகப்புகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. இதைவிட நல்ல கதை வேண்டுமா? முகப்புகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆனால் புதிதாக வரும் ஓவியர் எவரும் அங்கே வீடு பிடிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சரி, அப்படியானால் இடித்துவிடலாமா? பாரம்பரியப் பகுதிகளில் வரும் உயரக் கட்டுப்பாட்டால் வீடுகள் குறைந்து வாடகை ஏறுகிறது என்று சில பொருளாதார நிபுணர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இடித்துக் கட்டிய இடத்துக்குப் பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சுவரையும் ஆளையும் சேர்த்தே காப்பாற்ற முயன்றவர்களும் உண்டு. இத்தாலியின் போலோனியா நகரம் 1973-இல் போட்ட திட்டத்தில், பழைய நகரத்து வீடுகளைப் பொதுப்பணத்தில் புதுப்பித்து அங்கிருந்த மக்களையே அங்கே வைத்திருப்பதுதான் நோக்கம். ஜெர்மனியின் கட்டடச் சட்டத்தில் 172-ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதியின் தோற்றத்தையும், அங்கே குடியிருப்போரின் கலவையையும் தனித்தனிக் காரணங்களாக ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காரணத்துக்காக அறிவிக்கப்பட்ட பகுதியில், வாடகையை ஏற்றும்படியான ஆடம்பரப் புதுப்பிப்புக்கு அனுமதி மறுக்கலாம். அதற்கும் ஓட்டைகள் உண்டு. அத்தகைய பகுதியில் விலைக்கு வரும் கட்டடத்தை நகராட்சி முந்திக்கொண்டு வாங்கும் வழக்கம் இருந்தது. வாங்குபவர் பின்னாளில் ஆட்களை வெளியேற்றுவார் என்ற ஊகத்தை மட்டும் வைத்து அப்படிச் செய்யக் கூடாது என்று 2021-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பகுதியிலும் இப்படி ஓர் அறிவிப்பு வந்து, கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்தால் ஒன்று கேளுங்கள்: பழுதுபார்க்க மானியம் வாங்கும் உரிமையாளர் எத்தனை வருடம் வாடகையை ஏற்றக் கூடாது? கேட்டுவிட்டு, மேடையில் யார், யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.