கொழும்புக்கு இரண்டு டிக்கெட்

கேள்வி: என் மகன் திருநெல்வேலியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான், தினமும் இங்கிருந்துதான் போய் வருகிறான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மாதிரி மனைவியோடு கொழும்புக்குப் போகப் போகிறேன் என்கிறான். குற்றாலம் இருக்கிறது, திருச்செந்தூர் இருக்கிறது. இரண்டு ராத்திரிக்கு வெளிநாடு தேவையா? பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் சுற்றுவது நம் பக்கத்து வழக்கமா? அவனுக்கு நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: எடுத்துச் சொல்கிறேன் அண்ணாச்சி. ஆனால் உங்கள் மகனுக்கு இல்லை, உங்களுக்கு.

கொழும்புக்குப் போவது நம் பக்கத்து வழக்கம்தான். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது எந்த ஊருக்குக் கப்பல் விட? தூத்துக்குடியிலிருந்து இதே கொழும்புக்குத்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கினால் மறுபடியும் ரயில் என்று வழி இன்னும் சுலபமானது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அந்தப் பாதை ஓடியது. துணிக்கடை, பலசரக்குக் கடை, கணக்குப்பிள்ளை வேலை என்று நம் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

வழக்கத்தில் இல்லாதது பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவதுதான். தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாடு வேறு, அதை இதோடு சேர்க்கக் கூடாது. கடைக்கும் கணக்குக்கும் போனவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்காரியை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் தாத்தா அப்படிப் போனவர். கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி ஆச்சியின் கட்டிலுக்கு அடியில் கடைசி வரை இருந்தது. திறந்தால் சோப்பும் பட்டையும் கலந்த ஒரு வாசம் வரும். அடியில், பழுப்பேறிய ஒரு போட்டோ. கையில் குடையோடு தாத்தா தனியாக ஒரு வெளியில் நிற்பார். அவருக்குப் பின்னால் படம் முழுக்க வெளுத்துப் போயிருக்கும். அதை ஆச்சி கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நான் சின்னப் பையனாக இருந்தபோது, பல தடவை கேட்டிருக்கிறாள்: "ஏய்யா, இவுகளுக்குப் பின்னால தெரியுதது கடலா, ஆகாசமா?" எனக்கும் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷம் கொழும்புப் பணத்தில் குடும்பம் நடத்திய மனுஷிக்குக் கொழும்பைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

அது கடல்தான் என்று பிற்பாடு நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காலி முகத்திடல் என்று கடலை ஒட்டிய பெரிய புல்வெளி. வெள்ளைக்காரன் காலத்தில் ஹென்றி வார்டு என்ற கவர்னர் 1859-ல் கட்டி முடித்த நடைபாதை அது. அங்கே நட்டிருக்கும் கல்லில், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதை அடுத்து வருபவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் நின்றேன் அண்ணாச்சி. பெண்கள் நடப்பதற்கென்றே போட்ட பாதையில் தாத்தா மட்டும் குடையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் அங்கே சோடி சோடியாக வந்து குடையை விரித்து அதற்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இறால் வடை விற்கிறவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பார்.

இன்னொன்று. அம்பையில் உங்களுக்குப் பொழுது பொதிகை மலைக்குப் பின்னால் அடையும். திருச்செந்தூரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். கொழும்பு மேற்குக் கரை. அங்கே சூரியன் கடலுக்குள்ளேயே அடைகிறது. உங்கள் மருமகள் பிறந்ததிலிருந்து இதை நேரில் பார்த்திருப்பாளா?

குற்றாலம் இருக்கிறது என்கிறீர்கள். சரி, போன தடவை குற்றாலம் போனபோது உங்கள் மருமகள் என்ன செய்தாள் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பாட்டில் அவள் கையில். ஈரத்துணி மூட்டை அவள் தோளில். சின்னவன் வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டது அவள். புளியோதரை கட்டுவதற்கு அன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்ததும் அவளாகத்தான் இருக்கும். அருவியில் அவள் நின்றது ஐந்து நிமிஷம் இருக்குமா? வீட்டு வேலையை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு ஊரில் இறக்கி வைப்பதை அவளுக்கு ஓய்வு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்பது வருஷமாக அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வது பால் கணக்கும் பள்ளிக்கூடக் கட்டணமுமாகத்தான் இருக்கும். அதையும் மற்றவர்கள் காதில் விழாமல் பேச வீட்டில் இடம் இருக்காது. உங்கள் மகன் கேட்பது இரண்டு ராத்திரி தனியாக இருந்து பேசுவதற்கு. அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

வெளிநாடு என்ற சொல்தான் உங்களை மிரட்டுகிறது. தூத்துக்குடியிலிருந்து நேர்கோடு போட்டால் கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். சென்னை கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். அரசாங்கப் பலகைகளில் சிங்களத்தோடு தமிழும் இருக்கிறது. புகையிரத நிலையம், பஸ் தரிப்பிடம் என்று உங்கள் மருமகள் தானே வாசித்துக்கொள்வாள். டெல்லிக்கோ மும்பைக்கோ போனால் இந்தி தெரியாமல் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கொழும்பில் அது இல்லை. எனக்கு இந்த ஊரை அவர்கள் தேர்ந்தெடுத்தது பிடித்துப்போனதற்கு இதுவே பெரிய காரணம்.

சாப்பாட்டிலும் அந்நியம் கிடையாது. நம் பக்கம் மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பாலைத் தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சித் துவையலோடு வைக்கிறோமே சொதி, அதே பெயரில் அங்கே தினமும் இடியப்பத்துக்கு ஊற்றுகிறார்கள். நம்முடையதைவிடத் தண்ணியாக, மஞ்சள் போட்டு இருக்கும். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நீங்கள் வைத்த சொதியை ஒன்பது வருஷம் கழித்து அவர்கள் இன்னொரு தடவை சேர்ந்து சாப்பிடட்டும்.

நீங்கள் எழுதாத பயம் ஒன்றும் உங்களுக்கு இருக்கும். 1983 கலவரம், 2009 வரை நடந்த போர், 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகள், 2022-ல் பெட்ரோலுக்கு நின்ற வரிசை. நம் வயசுக்காரர்களுக்குக் கொழும்பு என்றாலே கெட்ட செய்திதான். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலைச் சில வாரங்களிலேயே செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் எல்லா மதத்துக்காரர்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களே நடமாடுகிற தெருவில் உங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் நடக்கலாம்.

மகனுக்கும் இரண்டு வார்த்தை. கடன் வாங்கிப் போவதாக இருந்தால் நான் அப்பா பக்கம். இரண்டு நாளில் கண்டியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், போகவே மூன்று மணி நேரம் ஆகும். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் தெற்கே போகிற ரயிலில் ஏறி, கடற்கரை ஊரான கல்கிசையில் இறங்குங்கள். அந்த வழியில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல் வரும், கடல் பக்கத்து ஜன்னலை அவளுக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பல கடை அடைத்திருக்கும், சாமான் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மருமகளிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ் கட்டாயம் என்று இருந்ததை 2016-லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஆச்சிக்கு அவள் பெயரில் ஒரு காகிதம் என்றால் ரேஷன் கார்டில் ஒரு வரி மட்டும்தான் இருந்தது. மருமகளோடு நீங்களே துணைக்குப் போய் வாருங்கள் அண்ணாச்சி.

மகன் எத்தனை சொன்னாலும் நீங்கள் வாய் திறக்காமல் அந்தப் பெண் பெட்டியில் ஒரு சேலையை எடுத்து வைக்க மாட்டாள். நாளைக்குக் காலையில் காப்பி கொண்டு வரும்போது சொல்லுங்கள்: "போயிட்டு வாங்கம்மா. பிள்ளைகள நாங்க பாத்துக்கிடுதோம்."