மூன்று படிக்கு எத்தனை அடி சாய்தளம்?

கேள்வி: அம்மா இப்போது சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஆறடி நீளத்துக்குச் சாய்தளம் போட்டால் போதும் என்கிறார் கொத்தனார். சரியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போதவே போதாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு, அப்படியென்றால் உங்கள் வாசலுக்கு 18 அடி வேண்டும். ஆறடியில் போட்டால் ஏற்றும்போது தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது கை கொஞ்சம் நழுவினாலும் நாற்காலி அம்மாவோடு தெருவுக்கு ஓடிவிடும், அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. நேராகப் போட இடமில்லையா, பாதியில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு மடக்கிக்கொள்ளுங்கள். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமென்ட் பூச்சே நல்லது. சக்கரம் விலகாமலிருக்க இரு ஓரத்திலும் சின்னக் கரை, பிடித்துக்கொள்ளக் கம்பி.

அப்புறம் குளியலறைக் கதவு. பல வீடுகளில் அது இரண்டரை அடிதான், நாற்காலி உள்ளே போவது சிரமம். மூன்றடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கொத்தனார் கையோடு இதையும் முடித்துவிடுங்கள்.