கடலும் அலுப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கதை சார்ந்த வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் 'சன்லெஸ் சீ' வாங்கினேன். படங்களோடு கதையைப் படித்துக்கொண்டே போகும் விஷுவல் நாவல்கள் சிலவற்றை ஏற்கெனவே ஆடியிருக்கிறேன். கடல் பின்னணி என்றால் எனக்குத் தனி ஈர்ப்பும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்திலேயே என் கேப்டன் செத்துவிட்டான். மறுபடி தொடங்கினால் அதே துறைமுகம், அதே வரிகள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு, சலித்துப்போய் ரிவ்யூக்களைப் படிக்க உட்கார்ந்தேன். கேம் ஆடியதைவிட அதில்தான் அதிக நேரம் போனது. இப்படி எழுதப்பட்ட கேமே கிடையாது என்கிறது ஒரு தரப்பு. கப்பல் நகரவே மாட்டேன் என்கிறது, செத்தால் படித்ததையே திரும்பப் படிக்கவேண்டும், இது விளையாட்டா தண்டனையா என்கிறது இன்னொன்று. '999', 'ஓவர்போர்ட்' என்று கப்பலில் நடக்கும் மற்ற கதை கேம்களின் ரிவ்யூக்களையும் பார்த்தேன். படித்ததையே படிப்பது பற்றிய பேச்சு அங்கும் இருக்கிறது. இவர்களெல்லாம் ஒரே கேமைத்தான் ஆடினார்களா? யார் சொல்வதை நம்புவது? ரீஃபண்ட் கேட்க இன்னும் அரை மணி நேர ஆட்டம் மிச்சமிருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

ஒரே கேமைத்தான் ஆடியிருக்கிறார்கள். பயணத்தின் வெவ்வேறு இடங்களில் நின்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டீம் ரிவ்யூவில் கட்டைவிரல் மேலா கீழா என்பதைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். பக்கத்திலேயே, எழுதியவர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார், ரிவ்யூ எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். கதை கேம்களுக்கு அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். துப்பாக்கி கேம் ஒரு மணி நேரத்தில் ஓரளவு கைக்குப் பிடிபட்டுவிடும். முப்பது மணி நேரம் ஓடும் விஷுவல் நாவலில் ஒரு மணி நேரம் என்பது பாத்திரங்கள் தங்கள் பெயரைச் சொல்லி முடிக்கும் நேரம்.

சன்லெஸ் சீயில் இன்னொரு சிக்கல். உங்கள் முதல் கேப்டன் அநேகமாகச் சாகத்தான் போகிறார் என்று கேமே தொடக்கத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்றால் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்தைத் தாண்டுவதற்குள் கேட்கவேண்டும். முதல் சாவும் இந்தக் கெடுவும் பலருக்கு அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒரு மணி, ஒன்றரை மணி என்று நேரம் காட்டும் கோபமான ரிவ்யூக்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள். அவை பொய்யல்ல. முதல் சாவைப் பற்றிய உண்மையான சாட்சியங்கள். கேமைப் பற்றிய தீர்ப்பாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு இது பாதி பதில்தான். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆடி, கட்டைவிரலை மேலே வைத்தவர்களும் அதே குறையைச் சொல்கிறார்கள்: படித்ததையே படிக்கவேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்று கேம்களிலும் அந்த ஒரே வாக்கியம் வருகிறது. மூன்றிலும் அதற்கு ஒரே அர்த்தம் இல்லை என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

சன்லெஸ் சீயையே எடுத்துக்கொள்வோம். (விஷுவல் நாவல் பக்தர்கள் இதைத் தங்கள் பந்தியில் சேர்க்கமாட்டார்கள். திரையில் பாத்திரம் நின்று பேசவேண்டும், பாதைகள் பிரியவேண்டும் என்று அவர்களுக்குக் கறாரான இலக்கணம் உண்டு. படித்து, தேர்ந்தெடுத்து, விளைவைப் படிக்கும் கேம் என்ற அளவில் நான் சேர்த்துக்கொள்கிறேன்.) அங்கே லண்டன் நகரமே பூமிக்கு அடியில் போய்விட்டது. சூரியன் இல்லாத கடலில் ஒரு நீராவிக் கப்பல். எரிபொருள் குறையும், உணவு குறையும், பயம் ஏறும். கப்பலின் முன்விளக்கை எரியவிட்டால் பயம் மெல்ல ஏறும், எரிபொருள் வேகமாகத் தீரும். அணைத்தால் எரிபொருள் மிஞ்சும், மாலுமிகளுக்குப் பித்துப் பிடிக்கும்.

கப்பல் மெதுவாகப் போகிறது என்ற புகாரை இங்கே வைத்துப் பாருங்கள். எரிபொருள் கடைசிப் பீப்பாயில் இருக்கிறது. லண்டன் இன்னும் வரைபடத்தின் மேற்கு ஓரத்தில். திரையில் முக்கால்வாசி கறுப்பு, நடுவில் நகம் அளவுக்குக் கப்பல், எஞ்சின் சத்தம். பயத்தின் அளவு நூறை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. விளக்கை அணைக்கிறீர்கள். கொஞ்ச தூரம் போய்ப் பயம் தாங்காமல் மறுபடி போடுகிறீர்கள். வெளிச்சத்தில் ஏதோ ஒன்று விலகிப் போகிறது. இந்தக் கப்பலுக்கு மூன்று மடங்கு வேகம் கொடுத்தால் இதில் எது மிஞ்சும்? துறைமுகத்தில் படிக்கும் அரைப்பக்கக் கதைக்கு அந்தக் கனம் வருவதே அதை அடைய நாம் பட்ட பாட்டால்தான். ஆகவே வேகத்தைப் பற்றிய புகாரை நான் ருசி சார்ந்த புகாராகவே எடுத்துக்கொள்கிறேன். பிடிக்காதவருக்குப் பிடிக்காது. திருத்தவேண்டிய பிழை அங்கே இல்லை.

செத்தபின் திரும்பப் படிப்பது வேறு. அது பிழைதான். லண்டனுக்குப் பக்கத்திலேயே ஹன்டர்ஸ் கீப் என்றொரு தீவு. பழைய வீடு, மூன்று சகோதரிகள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். முதல் முறை போகும்போது உபசாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவோ சரியில்லை என்று முதுகில் ஊரும். யார் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிப்போம். லண்டனுக்கு அருகில் இருப்பதாலேயே புதிதாக வரும் ஒவ்வொரு கேப்டனும் அங்கே போகத்தான் வேண்டியிருக்கும். மூன்றாவது கேப்டனை ஓட்டும்போது அந்தச் சகோதரிகளின் வரிகள் கண்ணிலேயே படுவதில்லை. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அமானுஷ்யம் அலுவலாகிவிட்டது.

இதற்குக் காரணம் சுலபமாகப் பிடிபடும். இந்த கேமை உருவாக்கிய ஃபெயில்பெட்டர் நிறுவனத்தினர் நல்ல உரைநடைக்காரர்கள். அவர்கள் எழுதியவை முதல் வாசிப்பின் திகைப்பை நம்பி எழுதப்பட்டவை. கேமின் அமைப்போ திரும்பத் திரும்பச் சாவதை நம்பியிருக்கிறது. சாகும் கேப்டன் அடுத்தவருக்குக் கொஞ்சம் சொத்தும் திறமையும் விட்டுச்செல்லலாம், அதன் வழியாக ஒரு பரம்பரைக் கதை உருவாகும் என்பது அவர்கள் கணக்கு. பரம்பரை உருவாகிறது. ஆனால் பேரனும் தாத்தா படித்த அதே பத்தியைத்தான் படிக்கிறான். எழுத்து ஒரு திசையில் இழுக்கிறது, அமைப்பு எதிர்த்திசையில் இழுக்கிறது. ஆடுபவர்களின் புகார் துல்லியமாக இந்த விரிசலில்தான் கைவைக்கிறது.

ஆடுபவர்கள் சொல்லி எதுவும் மாறாது என்பதும் இல்லை. 2014-இல், முழுமையாவதற்கு முன்பே விற்பனைக்கு விடும் ஏர்லி ஆக்சஸில் இந்த கேம் வந்தபோது சண்டைகள் முறைவைத்து நடப்பவையாக இருந்தன. அது எடுபடவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கப்பலை ஓட்டிக்கொண்டே சுடும் முறைக்கு மாற்றினார்கள். 2015 பிப்ரவரியில் முழு கேமாக வெளியானது அந்த வடிவம்தான். சண்டையை அப்படிப் பிடுங்கி நடலாம். சாவைப் பிடுங்க முடியாது, கேம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்து 999. இது கறாரான இலக்கணப்படியே விஷுவல் நாவல். 2009-இல் ஜப்பானில் நின்டென்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு வந்தது, எழுதி இயக்கியவர் கோட்டாரோ உச்சிகோஷி. ஒரு கப்பல் அறையில் நாயகன் கண் விழிக்கிறான், வட்ட ஜன்னலின் கண்ணாடி உடைந்து தண்ணீர் உள்ளே பாய்கிறது. ஒன்பது பேர், ஒன்பது மணி நேரம், அதற்குள் தப்பவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் பொறித்த வளையம். மூன்று முதல் ஐந்து பேர் சேர்ந்தால்தான் எண்ணிட்ட கதவு திறக்கும். அவர்கள் எண்களைக் கூட்டி, வரும் இலக்கங்களையும் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்கினால் கதவின் எண் வரவேண்டும். யாரோடு போவது, யாரை விட்டுச்செல்வது என்பதெல்லாம் இந்தக் கூட்டல் கணக்கில் மாட்டிக்கொள்கிறது.

முடிவுகள் ஆறு. உண்மையான முடிவு ஒன்றுதான். அதற்குப் போக வேறொரு முடிவை முதலில் பார்த்திருக்கவேண்டும். மற்ற முடிவுகள் பெரும்பாலும் ரத்தக்களறி. டிஎஸ்ஸில் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். படித்த வரிகளை வேகமாக ஓட்டிவிடலாம், ஆனால் விடுவித்த புதிர்களை மறுபடி விடுவித்தாகவேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் போய்த் தேடி எடுக்கவேண்டும். இதைத் திட்டாத ஆட்கள் அந்தக் காலத்தில் குறைவு.

2017-இல் மறுபதிப்பு வந்தது. கதையின் கிளைகளை ஒரு வரைபடமாகக் காட்டி, வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவ வசதி செய்தார்கள். புகார் தீர்ந்தது. கூடவே வேறொரு புகார் முளைத்தது, அதுவும் நியாயமானதே. டிஎஸ்ஸில் இரண்டு திரைகள் உண்டு. மேல்திரையில் பேச்சு, கீழ்த்திரையில் விவரணை. இந்தப் பிரிவினைக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் கடைசியில்தான் வெளிப்படும். அதை நான் உடைக்கமாட்டேன். ஒற்றைத் திரைக்கு மாற்றியபோது அந்த அடி பாதியாகிவிட்டது. அதோடு, இந்தக் கதையில் நாம் தோற்ற பாதைகளில் தெரிந்துகொண்டது வீணாவதில்லை, கதைக்குள்ளேயே அதற்கு வேலை இருக்கிறது. அலுத்து அலுத்து நடந்தவனுக்குத்தான் அந்த இடம் சுரீரென்று இறங்கும். வரைபடத்தில் தாவி வந்தவன் தலையாட்டிவிட்டுப் போவான். மறுபதிப்பைத்தான் இன்று எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன், ஆனாலும் பழைய ஆட்களின் முணுமுணுப்பைக் கிழங்களின் புலம்பல் என்று தள்ளமாட்டேன்.

ஓவர்போர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. 1935, நியூயார்க் நோக்கிப் போகும் கப்பல், வெரோனிகா என்ற நடிகை கணவனைக் கடலில் தள்ளிவிடுவதில் கதை தொடங்குகிறது. கரை சேர்வதற்குள் மாட்டிக்கொள்ளாமல் தப்பவேண்டும். ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவை மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த தடவை, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பது தெரியுமல்லவா, அதை வைத்துப் பொய் சொல்லலாம். முன்பு படித்ததை வேகமாகக் கடந்துவிடவும் வழி உண்டு. அதாவது திரும்ப ஆடுவதுதான் இங்கே கதையே. ஒரு முறை முடித்துவிட்டுச் சின்ன கேம் என்று சலித்துக்கொள்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போன விருந்தாளிகள்.

கப்பலே நகராத ஒரு கேமும் உண்டு, லூகாஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 2018-இல் வந்தது. 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில் இன்சூரன்ஸ் ஆய்வாளராக ஏறி, அறுபது பேருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். விஷுவல் நாவல் அல்ல. ஆனால் அதை முடித்தவர்கள் சொல்லும் குறை இந்தப் பேச்சுக்குச் சரியான எதிர்முனை: எல்லாம் தெரிந்துவிட்டது, இனி இதைத் திரும்ப ஆடவே முடியாதே என்று வருந்துகிறார்கள்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். அலுத்தது, அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போகும் இரண்டு கட்சியையும் விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் அலுத்தது என்று சொல்பவரைப் படியுங்கள். கட்டைவிரல் கீழே இருந்தாலும் அவர்தான் உங்களுக்கு உதவுவார். பல நேரம் அவர் குறையாகச் சொல்வதே நீங்கள் தேடுவதாக இருக்கும். வேடிக்கை என்று ஓட்டு வாங்கி மேலே மிதக்கும் ஒற்றை வரி ரிவ்யூக்கள் சிரிக்க மட்டும். ரிவ்யூ மழையைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கேமுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைக்காகக் கூட்டமாக வந்து கட்டைவிரலைக் கவிழ்த்துவிட்டுப் போவது அங்கே வாடிக்கை. அதனால்தான் எந்தெந்த நாளில் எத்தனை ரிவ்யூ விழுந்தது என்று காட்டும் வரைபடத்தை ஸ்டீம் 2017-இல் சேர்த்தது.

ரீஃபண்ட் விஷயம். உங்களை எரிச்சலூட்டியது எது என்று யோசியுங்கள். துறைமுகங்களுக்கு நடுவே ஒன்றும் நடக்காத அந்த இருட்டுத்தான் என்றால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாற்பதாவது மணி நேரத்திலும் அது அப்படியேதான் இருக்கும். அந்தக் காசுக்கு ஓவர்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். செத்ததும் சகோதரிகளை மறுபடி சந்திக்க நேர்ந்ததும்தான் எரிச்சல் என்றால் கேமை வைத்துக்கொள்ளுங்கள். நாமே சேவ் செய்துகொள்ளும் இலகு முறை அதில் இருக்கிறது. வீராப்பு பார்க்காமல் அதைப் போட்டுக்கொண்டு, லண்டனை விட்டுக் கிளம்பும்போது ஒரு சேவ், முடிந்தால் திரும்பும் வழியில் ஒரு சேவ். எரிபொருளை மட்டும் எப்போதும் நீங்கள் நினைப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள்.