அப்பாவின் மணிக்கட்டில்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று தெரிந்து ஐந்து வருடமாகிறது. மதியம் மூன்று மணிக்கு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பவர், டாக்டர் முன்னால் விறுவிறுவென்று நடந்து காட்டுகிறார். ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். நோயைக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரம் இருக்கிறதாமே, வாங்கலாமா? அவரை வேவு பார்ப்பதுபோல் ஆகிவிடுமோ என்றும் உறுத்துகிறது.

ச.

அன்புள்ள ச.,

என் பெரியம்மாவும் அப்படித்தான். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையின் வேகம் சில மணி நேரம்தான். வருடங்கள் போகப்போக அதுவும் குறையும். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் டாக்டரால் மாத்திரை வேளையைச் சரிசெய்ய முடியும். பத்து நிமிடப் பரிசோதனையில் அது தெரியாது.

கடிகாரம் உதவுவது இங்கேதான். சும்மா வைத்திருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்குவது இந்த நோயின் அடையாளம். அந்தத் தாளத்தை உள்ளே இருக்கும் சிறு சென்சார் பிடித்துவிடும். ஆஸ்திரேலியாவில் உருவான பி.கே.ஜி. என்ற கருவியை, நோய் கூடுதலாக உள்ள பக்கத்துக் கையில் ஆறு நாள் கட்டுகிறார்கள். அசைவு எப்போது மந்தமாகிறது, எப்போது உடம்பு தானாக நெளிகிறது என்பதை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, மாத்திரை நேரத்தோடு வரைந்து கொடுக்கும். கடையில் விற்கும் எல்லா வாட்சும் இதைச் செய்யாது. எதன் பதிவைப் படிப்பார் என்று உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் பணத்தைப் போடாதீர்கள்.

பிரிட்டனில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஒரு வார அசைவுப் பதிவுகளை ஆராய்ந்து, நோய் உறுதியாவதற்கு 7 ஆண்டுகள் முன்பே தடயம் தெரிகிறது என்று 2023இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் கையிலும் ஒன்றைக் கட்டிக்கொண்டு பயந்து கிடக்காதீர்கள். அப்பாவின் மூன்று மணியைப் பார்ப்போம்.

கூடவே ஒரு நோட்டும் போடுங்கள். பருப்பு, முட்டையில் உள்ள புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கலாம். மூன்று மணிச் சரிவைக் கடிகாரம் காட்டும்; ஒரு மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

வேவு என்ற உறுத்தல் நியாயமானது. அவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். படம் வந்ததும் முதலில் அவரிடமே காட்டுங்கள். பெரியம்மா தன் மதிய முடக்கத்தைச் சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நோட்டில் எழுதிவைத்திருந்த நேரங்களைப் பார்த்து, மருந்து இறங்கும் வேளை அது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அதை நிறுத்தினார்.